துன்பப் பட்டியலில் விடுபட்டது

என் பெயர் பலராமன். பிள்ளைப்பாக்கத்தில் என்னை அப்பெயரால் அழைப்பவர் எவருமில்லை. "சரித்திர வாத்தியார்" என்றால்தான் தெரியும். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றேன். விடியற்காலை நாலரை மணிக்கு எழுவேன். செய்தித்தாளைச் சிவப்பு மைப் பேனாவும் கையுமாக வாசிப்பேன். எவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அதன் பிழைகளைத் திருத்தி, கல்யாணத்தன்று மணமகனின் தந்தையிடம் அதை ஒப்படைத்த பிறகே பந்தியில் அமர்வேன். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தக்கவை என்றே என் மனைவி செங்கமலம் கருதுகிறாள். அவளால் பொறுக்க இயலாத பழக்கம் ஒன்று உண்டு. வாய்விட்டுச் சொல்லாமல் எனக்கு எதையும் நினைக்கத் தெரியாது. வகுப்பறை தந்த வழக்கம் அது. கடைக்குச் செல்லும் வழியெல்லாம் "துவரம்பருப்பு அரைக் கிலோ" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நடப்பேன். எதிரே வருவோர் நான் தங்களிடம் பருப்புக் கேட்பதாக எண்ணி விலகிச் சென்றதுண்டு.

இவ்வளவு பேசும் வாயில் கோபமும் குடியிருந்தது. அக்கோபம் என் ஒரே மகள் அம்சவல்லிக்கு வந்த மூன்று வரன்களைத் துரத்தியது. முதல் வரனின் தந்தை, காபி குடித்தபடியே, செஞ்சிக் கோட்டையை வெள்ளைக்காரன் கட்டினான் என்றார். நான் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். அவர்கள் பஜ்ஜியைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். இரண்டாம் வரன் சரித்திரத்தில் பட்டம் பெற்றவன். அவனிடம் ஐந்து வினாக்கள் கேட்டேன். இரண்டுக்கு மட்டுமே சரியான விடை வந்தது என்பதை அவனுடைய தாயாரின் முன்னிலையிலேயே அறிவித்தேன். மூன்றாம் வரனின் தாய்மாமன் என் மகளின் நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னார். அவரை நான் வாசல்வரையன்று, பேருந்துச் சாலைவரை கொண்டுபோய் விட்டு வந்தேன். இந்த மூன்றாவதற்காக மட்டும் நான் இன்றளவும் வருந்தவில்லை.

அம்சவல்லிக்கு அப்போது வயது இருபத்தாறு. ஒரகடம் செல்லும் சாலையில் புதிதாகத் தொடங்கியிருந்த மின்விசிறித் தொழிற்சாலையில் கம்பிச்சுருள் சுற்றும் வேலை பார்த்து வந்தாள். எண்பத்து மூன்றாம் ஆண்டு கார்த்திகை மாதம் தரகர் தசரதன் நான்காவது வரனுடன் வந்தார். வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம். தை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"வாத்தியாரே, பையன் தங்கம்," என்றார் தசரதன். "உங்க வாய் மட்டும் அன்னிக்கி ஊர்ல இல்லாம இருந்தா, முகூர்த்தம் குறிச்சிடலாம்."

அன்று மாலை அம்சவல்லியும் என்னருகே வந்து நின்றாள். "அப்பா, இந்தத் தடவையாவது கோவப்படாம இருப்பீங்களா? எதுவா இருந்தாலும் கோவப்படாம?"

"எதுவாக இருந்தாலும்," என்று வாக்களித்தேன். அதே கேள்வியை அவள் இரண்டு முறை கேட்டாள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனிப்பது வேறு, பேசுவது வேறு. நான் இரண்டாவதில் தேர்ந்தவன்.

எனக்கு இருந்தவை ஏறத்தாழ ஐம்பது நாள்கள். அதற்குள் மனத்தை அடக்கியாக வேண்டும். அதற்கான வழி சென்னை மூர் மார்க்கெட்டில் ஒன்றரை ரூபாய்க்குக் கிடைத்தது. பண்டைய கிரேக்க ஞானிகள் மனத்தை அமைதிப்படுத்தக் கையாண்ட பயிற்சிகளைக் கூறும் ஆங்கில நூல் அது. அட்டையும் முதல் இருபது பக்கங்களும் இல்லை. ஆகவே எழுதியவர் யார் என்பதையோ, முதல் இருபது பக்கங்களில் அவர் என்ன எச்சரித்திருந்தார் என்பதையோ நான் அறியேன். கிரேக்க நாட்டை நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் இரண்டே பக்கங்களில் நடத்தியவன். சாக்ரடீசுக்கு நான்கு மதிப்பெண். அவர் அருந்திய விஷத்துக்கு அதில் ஒன்று. அந்நாட்டார் நிம்மதியாக இருப்பதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

நூல் கூறியது இதுதான். நாள்தோறும் காலையில், அன்று நேரக்கூடிய துன்பங்களை ஒவ்வொன்றாக முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பழகினால், துன்பம் மெய்யாகவே வரும்போது அது அந்நியனாக இராது, மனம் பதறாது. அத்துடன், மிக உயரமான ஓரிடத்துக்கு மனத்தால் ஏறிச் சென்று மனிதர் நடமாட்டத்தைக் கீழ்நோக்கிக் காண வேண்டும். எறும்பளவு தெரியும் மனிதர்மீது எவருக்கும் கோபம் வாராது.

"மனத்தால்" என்று அந்நூல் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. எனினும் எங்கள் தெருவில் மொட்டைமாடி உள்ள வீடு என்னுடையது ஒன்றே. சேமநிதிப் பணத்தில் கட்டியது. ஏறிப் பார்க்கத் தக்க காரணம் அதுவரை வாய்க்கவில்லை. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு மாடியேறி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினேன்.

"ஒன்று, இன்று பால்காரன் வராமல் இருக்கலாம். இரண்டு, குளியலறையில் பாம்பு இருக்கலாம். மூன்று, என் வலக் கை விழுந்து போகலாம்..."

ஏழாவதைச் சொன்னபோது செங்கமலம் காபியுடன் படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"ஏழு, என் மனைவி செங்கமலம் இன்று இறந்து போகலாம்."

அவள் டம்ளரைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தாள். "காலங்காத்தால இன்னா பேச்சு இது?"

நான் நூலை எடுத்து விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"அதெல்லாம் சரி. பால்காரனுக்கப்புறம், பாம்புக்கப்புறம், ஏழாவதாவா நான்?"

"எளியதிலிருந்து அரியதற்குச் செல்வது பாடமுறை. வரிசையில் பின்னால் வருவதே பெரிய துன்பம்."

"அப்ப நான் போனா உங்களுக்குக் கஷ்டம்தான்னு சொல்லுங்க," என்று கூறிவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் காபியில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தது.

இங்கே இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். என் வீட்டு வாசலில் ஒரு புங்க மரம் உண்டு. தொழிற்சாலைக்குச் செல்வோரை ஏற்றிச் செல்லும் கம்பெனி வண்டி, காலை ஆறேகாலுக்கு அதனடியில்தான் வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே காத்திருப்பார்கள். மற்றொன்று, அது மார்கழி பிறந்த சமயம். அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஊரைத் தூக்கும். என் துன்பங்கள் என் காதிலேயே விழாமற்போயின. எனவே குரலை உயர்த்தினேன். கடைசி வரிசை மாணவனுக்கும் கேட்க வேண்டும் என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் பழகிய குரல் அது.

மேலிருந்து பார்த்தேன். நூல் சொன்னது உண்மைதான். மனிதர் சிறியவராகத் தெரிந்தனர். பெருக்கும் வேலை செய்யும் கங்கம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். என் பழைய மாணவன் பாபு எவரையோ கேலி செய்துகொண்டிருந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் தாவீது என்னும் ஃபிட்டர், சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, என் மகளின் கையிலிருந்த இரண்டு டிபன் டப்பாக்களில் ஒன்றை வாங்கிக்கொண்டான். நாள்தோறும் இது நடந்தது. உயரத்திலிருந்து பார்க்கையில் மனிதர்களிடையே பேதமில்லை என்பதற்கு இக்காட்சியை ஓர் எடுத்துக்காட்டாக நூலின் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்தும் வைத்தேன். அத்தகைய அறிவாளி நான்.

பத்தாம் நாள், "பதினொன்று, கம்பெனி வண்டியின் சக்கரம் வெடிக்கலாம்" என்றேன். அன்றே, போகும் வழியில் வல்லத்துக்கு அருகில் சக்கரம் வெடித்தது.

மறுநாள் காலை மரத்தடியில் பேச்சுமூச்சில்லை. நான் வாயைத் திறந்ததும் பாபு மேலே பார்த்துக் கும்பிட்டான்.

"சார், வேணாம் சார்! உங்க நாக்கு கரிநாக்கு சார். சொன்னா பலிச்சிடுது."

"அது தற்செயல், பாபு. உனக்கு நான் காரண காரியத் தொடர்பைக் கற்பித்திருக்கிறேன்."

"கத்துக்குடுத்தீங்கோ சார், நான்தான் ஃபெயிலாயிட்டனே! நேத்து மெஷின்ல கை மாட்டும்னு வேற சொன்னீங்கோ. நம்ம சரித்திர வாத்தியாராச்சேன்னு பாக்கறோம். கீழ எறங்கி ரூம்புல போயி சொல்லிக்குங்க."

கரிநாக்கு என்பது விளையாட்டான குற்றச்சாட்டன்று. அத்தகையவன் குழந்தையைப் பார்த்து அழகென்றால் குழந்தை படுத்துவிடும். வயலைப் பார்த்துப் பச்சையென்றால் பயிர் கருகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. ஒரே வாரத்தில் என்னைக் கண்டால் தாய்மார்கள் பிள்ளைகளை முந்தானையால் மூடினார்கள். மனத்தை அடக்கப் புறப்பட்டவனின் வாயைக் கண்டு ஊரே நடுங்கியது.

தரகர் தசரதன் பதைபதைத்து ஓடிவந்தார். "வாத்தியாரே, கோவம்னா கூட சமாளிச்சிடுவேன். கரிநாக்குக்கு நான் எங்க போவேன்? வாலாஜாபாத் காதுல இது வுழுந்திச்சின்னா நம்ம கத முடிஞ்சிது."

மகளின் வாழ்க்கையை முன்னிட்டுப் பயிற்சியை நிறுத்தினேன். மூன்று நாள்கள் மாடியேறவில்லை. வாயைக் கட்டியதில் பல் வலி வந்தது.

மூன்றாம் நாள் கம்பெனி வண்டி, குறுக்கே வந்த எருமைக்கு ஒதுங்கி, ஏரிக்கரையிலிருந்து சரிந்து நெல் வயலுக்குள் இறங்கிவிட்டது. உயிருக்குச் சேதமில்லை, ஆனால் அத்தனை பேரும் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள். செய்தி கேட்டுச் சாலைக்கு ஓடினேன். எப்படி ஓடினேன் என்பது எனக்கு நினைவில்லை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது என்று பின்னர் சொன்னார்கள். அம்சவல்லி தலைமுதல் கால்வரை சேறாக எதிரே நடந்து வந்தாள். தாவீது அவளுக்குப் பின்னால் இரண்டு டிபன் டப்பாக்களுடன் வந்தான். அவன் நெற்றியில் காயம்.

வண்டியைப் பற்றி நான் முன்பே நினைத்துப் பழகியிருந்தேன். ஆயினும் அந்தத் துன்பம் எனக்கு முற்றிலும் அந்நியனாகவே வந்தது.

இதற்குள் பாபு என்னை வழிமறித்தான். "சார், ஏன் சார் மூணு நாளா சொல்லல?"

"நீதானே வேண்டாமென்றாய்?"

"நான் ஆயிரம் சொல்லுவேன் சார், நீங்க படிச்சவரு, நிறுத்தலாமா?"

கங்கம்மாள் சேற்றைப் பிழிந்தபடியே தீர்ப்பளித்தாள். "அட கேளுங்கடா. அவுரு சொன்ன நாள்ல இன்னா ஆச்சி? பஞ்சர்தானே ஆச்சி? பெருசா வர வேண்டியது சின்னதா பூட்ச்சி. பாம்பு சொன்னாரு, வர்ல. கை மாட்டும்னாரு, மாட்டல. வாத்தியாரம்மா டெய்லி செத்துப்பூடும்னாரு, அது கல்லு மாதிரி கீது. வாயால சொல்லி எறக்கிட்டா வராதுடா. திருஷ்டி கழிக்கிற மாதிரி. சொல்லாத வுட்டாரு, வண்டி கவுந்திச்சி."

எனது தர்க்கம் முழுவதும் அந்தச் சேற்றில் இறங்கிவிட்டது. மறுநாள் காலை மரத்தடியில் முப்பது பேர் நின்றார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். பாபு காகிதத்தை நீட்டினான். அதில் பெயர்களும், அவரவர் அஞ்சும் துன்பங்களும் எழுதியிருந்தன.

"என் மாமியா வந்து ஒரு மாசம் தங்கும்னு ஒண்ணு போட்டுக்குங்க சார். எட்டாவதா வெச்சாலும் பரவால்ல."

நான் மறுத்திருக்க வேண்டும். சரித்திரம் கற்பித்தவன், பகுத்தறிவைப் பற்றி ஆண்டுவிழாக்களில் பேசியவன். ஆனால் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியனின் முன்னால் முப்பது பேர் அமைதியாக நின்று, அவன் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தால், அவன் என்ன செய்வான்? வருகைப் பதிவேடு வாசிப்பதைப் போல் பெயர் பெயராக வாசித்தேன். வராதவர்களைக் கடிந்தும் கொண்டேன்.

பொங்கல் கழிந்த மறுநாள் தசரதன் வந்தார். உட்காரவில்லை.

"வர மாட்டேன்னுட்டாங்க. பொண்ணு நல்ல பொண்ணுதானாம். மாமனார் மாடி மேல நின்னு ஊருக்கே சாவு சொல்றாராமேன்னு கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்ல?"

நான்காவது வரனும் என் வாயால் போயிற்று. அதுவும், கோபப்படாமலே. கோபத்தை அடக்கும் பயிற்சியைக் கொண்டே காரியத்தைக் கெடுத்த மனிதன் கிரேக்க நாட்டிலும் இருந்திருக்க மாட்டான். தசரதன் சென்றதும் செங்கமலம் அடுப்படிக்குப் போனாள். அம்சவல்லி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை நான் மாடியில் தலை குனிந்து நின்றிருந்தேன். கீழே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. காபியை அன்று அம்சவல்லி கொண்டுவந்தாள். வேலைக்குப் போகும் சேலையில் இருந்தாள்.

"அப்பா, உங்க லிஸ்ட்ல ஒண்ணு விட்டுப்போச்சு."

"எது? எண்பது துன்பங்கள் இருக்கின்றனவே."

"ஒவ்வொரு நாளும் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்பா. பூகம்பம் வந்துது, பாம்பு வந்துது, அம்மா செத்துச் செத்துப் பொழச்சாங்க. இது வருமா, இன்னிக்கு வருமான்னு பார்த்தேன். வந்துச்சுன்னா, சரி, அப்பா மனசைத் தயார் பண்ணிட்டாரு, சொல்லிடலாம்னு இருந்தேன். வரவேயில்ல."

"என்ன அது?"

அவள் கீழே பார்த்தாள். புங்க மரத்தடியில் தாவீது சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தான். நெற்றிக் காயத்தில் பிளாஸ்திரி. அவன் மேலே பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டான்.

"இரண்டு டப்பா," என்றேன் நான்.

"ஆமாம்பா. ரெண்டு வருஷமா."

"அவன் கிறிஸ்தவன், வேதக்காரப் பையனாயிற்றே, அம்மா."

"அதுக்காகத்தான் லிஸ்ட்ல வரும்னு பார்த்தேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அதன் வழி எனக்கு நன்கு தெரியும். முதலில் காது சுடும், பிறகு நாக்கு. காது சுடவில்லை. அதைக் கிரேக்கர்களின் கணக்கில் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. பெற்ற மகள், தகப்பனிடம் ஒரு சொல் சொல்ல அஞ்சி, இத்தனை நாள்கள் அவன் ஓதும் துன்பங்களின் இடையே தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு காது எவ்வாறு சுடும்?

"சார், டைமாவுது சார்!" என்று பாபு கீழிருந்து குரல் கொடுத்தான். "வண்டி வந்திரும், சீக்கிரம் சொல்லுங்கோ!"

பட்டியலைக் கையில் எடுத்தேன். எத்தனையாவதாக இதைச் சேர்ப்பது? பால்காரனுக்கு முன்பா, செங்கமலத்துக்குப் பின்பா? "என் மகள் தாவீதை மணக்கலாம்" என்று உரக்கச் சொன்னால், அதைத் துன்பம் என்று நானே ஊருக்கு அறிவித்ததாகும். சொல்லாவிட்டால், கங்கம்மாளின் சாத்திரப்படி அது கட்டாயம் நடக்கும். பட்டியலை நான்காக மடித்தேன். அம்சவல்லி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்று பட்டியல் கிடையாது," என்றேன். "எல்லோரும் வேலைக்குப் போங்கள்."

கீழே பெருங்கூச்சல் எழுந்தது. "சார், நாங்க போய்ச் சேர வேணாமா சார்?" என்று பாபு அலறினான். கங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏறுடா, வாத்தியாரு இன்னிக்கி வேற எங்கியோ கீறாரு," என்றாள். வண்டி வந்தது. அம்சவல்லி படிகளில் இறங்கி ஓடினாள். தாவீது டப்பாவை வாங்கிக்கொண்டான். ஏறும் முன் இருவரும் ஒருமுறை மேலே பார்த்தார்கள். அந்த உயரத்திலிருந்து அவர்கள் சிறியவராகத் தெரியவில்லை.

நான் அடுப்படிக்குச் சென்றேன். செங்கமலம் திரும்பாமலே, "சொல்லிட்டாளா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஆடி மாசத்திலேயே தெரியும்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"ஏழாம் நம்பர் ஆளு எதுக்குப் பேசணும்?"

அவள் சிரிக்கவில்லை, குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு, "ஊரு பேசும்," என்றாள்.

"பேசும்," என்றேன். ஊர் வாய் என் கையில் இல்லை, என் வாய் என் கையில் உள்ளது என்று அந்நூலின் கடைசி அத்தியாயம் கூறுகிறது. இரண்டாவது பகுதி என்னளவில் மெய்ப்பிக்கப்படவில்லை. அதனால் அவளிடம் அதைச் சொல்லாமல் விட்டேன். என் வாழ்நாளில் ஒரு மேற்கோளை நான் விழுங்கியது அதுவே முதல் தடவை.

"அந்தப் பையனின் தாயார் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"ஞானம்மா. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வூடு. எதுக்கு?"

"என் வெள்ளை வேட்டியைத் துவைத்து வை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயில் முடிந்து வந்த பிறகு, நாமிருவரும் போய் அந்த அம்மாளிடம் பேசிவிட்டு வருவோம். நீ பேசு. நான் உடன் இருக்கிறேன்."